புது சீல் போட்டும் பம்பில் தண்ணீர் சொட்டுகிறது, வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். 3 எச்பி மோனோபிளாக் பம்பில் (மோட்டாரும் பம்பும் ஒரே ஷாஃப்டில் இருப்பது) இம்பெல்லரையும் (தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்) மெக்கானிக்கல் சீலையும் நானே மாற்றினேன். சீல் என்பது ஷாஃப்ட் ஓரமாகத் தண்ணீர் கசியாமல், சுழலும் கார்பன் முகமும் அசையாத செராமிக் வளையமும் ஒட்டி நின்று அடைக்கும் பாகம். பழைய இம்பெல்லர் துருப்பிடித்து ஷாஃப்டோடு இறுகிப் போயிருந்தது, புல்லர் போட்ட பிறகுதான் வந்தது. இறக்கைகளின் உள்விளிம்பெல்லாம் கறையான் அரித்த மாதிரி குழி குழியாக இருந்தது. ஃபுட் வால்வில் (உறிஞ்சு குழாயின் அடிமுனை வால்வு) குப்பை அடைத்து கேவிடேஷன் (தண்ணீரில் ஆவிக் குமிழ்கள் உண்டாகி வெடித்து உலோகத்தை அரிப்பது) ஆகியிருக்க வேண்டும். அதைச் சுத்தம் செய்துவிட்டேன்.

பிரச்சினை சீலில்தான். ஓட்டிய முதல் கால் மணி நேரம் ஒரு சொட்டு இல்லை. அப்புறம் மோட்டாருக்கும் கேசிங்குக்கும் நடுவில் சொட்டத் தொடங்கி, இப்போது நிமிடத்துக்கு 30 சொட்டு. கழற்றிப் பார்த்தால் கார்பன் முகத்தில் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். டயல் கேஜ் வைத்ததில் ஷாஃப்ட் ஆட்டம் 0.04 மி.மீ.தான், அது பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

அதனால் செராமிக் வளையம் சாய்ந்து உட்கார்ந்திருக்குமோ என்று சந்தேகம். பிவிசி குழாய்த் துண்டை வைத்து அழுத்தினேன். அதன் முனை நேராக வெட்டப்படவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். நீங்கள் அதை எதை வைத்து அழுத்துவீர்கள்?

இன்னொன்று. சீலின் ரப்பர் சுலபமாக ஏறட்டும் என்று கிரீஸ் தடவிவிட்டேன். இபிடிஎம் ரப்பர் என்றால் கிரீஸில் ஊதிப்போகும், சோப்புத் தண்ணீர்தான் சரி என்று பிறகு தெரிந்தது. என்னுடையது இபிடிஎம்மா, நைட்ரைலா (எண்ணெய், கிரீஸ் தாங்கும் ரப்பர்) என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? புது சீல் வாங்குவதற்கு முன் இந்த இரண்டும் தெரிந்தால் பெரிய உதவி.