கல்லீரல் புற்றுநோய்: மரபணு வெளிப்பாட்டைக் கொண்டு உயிர்வாழ்வைக் கணிக்கும் மாதிரி வேறு தரவில் தோற்பது ஏன்?

இளவேனில் (கேள்வி):
வணக்கம். முதுகலை ஆய்வுக்காக, டிசிஜிஏ (TCGA) என்ற புற்றுநோய் மரபணுத் திட்டத்தின் கல்லீரல் புற்றுநோய்த் தரவைக் கொண்டு நோயாளிகளின் உயிர்வாழ்வுக் காலத்தைக் கணிக்க முயன்று வருகிறேன். சுமார் 370 நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 20,000 மரபணுக்களின் ஆர்என்ஏ அளவுகள். முதலில் எல்லா நோயாளிகளையும் சேர்த்து, ஒவ்வொரு மரபணுவுக்கும் தனித்தனியே காக்ஸ் மாதிரியை (ஒரு காரணி இறப்பு இடரை எவ்வளவு மாற்றுகிறது என்று மதிப்பிடும் முறை) ஓட்டி, பி மதிப்பு (தொடர்பே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அதன் பிறகு தரவைப் பயிற்சிக்கும் சோதனைக்குமாகப் பிரித்து, அதிகம் உதவாதவற்றைக் கழித்துவிடும் லாசோ முறையில் எட்டு மரபணுக்களைத் தேர்ந்து இடர் மதிப்பெண் ஒன்றை உருவாக்கினேன். சோதனைப் பகுதியில், அதிக இடர், குறைந்த இடர் ஆகிய இரு குழுக்களில் காலப்போக்கில் எவ்வளவு பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் கப்லான்–மேயர் கோடுகள் தெளிவாகப் பிரிந்து நின்றன. ஆனால் ஜப்பானிய நோயாளிகளின் தரவில் அதே மதிப்பெண்ணைப் பொருத்தியபோது இரு கோடுகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. இதற்கு இன வேறுபாடு காரணமா, அல்லது என் செய்முறையிலேயே பிழையா?

மருதன்:
பிழை செய்முறையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதுவும் தாங்கள் எழுதிய வரிசையிலேயே தெரிகிறது. தரவைப் பிரிப்பதற்கு முன்பே, சோதனைப் பகுதியில் இருக்கப்போகும் நோயாளிகளின் இறப்புத் தகவலையும் பார்த்துத்தான் மரபணுக்களைப் பொறுக்கியிருக்கிறீர்கள். விடைத்தாளைக் காட்டிவிட்டுத் தேர்வு வைத்ததுபோல் ஆகிவிட்டது. எந்த மரபணுவுக்கும் உயிர்வாழ்வோடு தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 20,000 சோதனைகளில் 0.05 என்ற வரம்பைத் தற்செயலாகவே சுமார் 1,000 மரபணுக்கள் தாண்டிவிடும்.

ஐயமிருந்தால் ஒன்று செய்து பாருங்கள். ஒவ்வொரு நோயாளியின் கண்காணிப்புக் காலத்தையும் இறந்தாரா இல்லையா என்ற பதிவையும் ஒரே இணையாகப் பிடித்து, அந்த இணைகளை நோயாளிகளிடையே குலுக்கிப்போட்டுவிட்டு, அதே நிரலை முதலிலிருந்து ஓட்டுங்கள். உண்மையில் கணிப்பதற்கு எதுவும் இல்லாத அந்தத் தரவில் சி குறியீடு (யார் முன்னே இறப்பார் என்ற வரிசையை மாதிரி எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்பதன் அளவு; 0.5 என்றால் வெறும் ஊகம்) 0.5-ஐ ஒட்டியே வரவேண்டும். அங்கும் கோடுகள் அழகாகப் பிரிந்தால், பிரித்தது மரபணுக்கள் அல்ல, சோதனைப் பகுதியின் விடை முன்கூட்டியே கசிந்ததுதான். மரபணுத் தேர்வு, அளவுகளை ஒரே அலகுக்குக் கொண்டுவருதல், லாசோ எவ்வளவு கடுமையாகக் கழிக்கவேண்டும் என்ற தண்ட அளவு ஆகிய மூன்றும் குறுக்குச் சரிபார்ப்பின் (தரவை மாற்றி மாற்றிப் பயிற்சிக்கும் சோதனைக்குமாகப் பிரிக்கும் முறை) ஒவ்வொரு சுற்றிலும் பயிற்சிப் பகுதிக்குள்ளேயே நடக்கவேண்டும். இந்தத் தரவில் இறப்புகள் ஏறத்தாழ 130 மட்டுமே என்பதையும் மறக்கவேண்டாம். மாதிரியின் வலு நோயாளிகளின் எண்ணிக்கையைவிட இறப்புகளின் எண்ணிக்கையைத்தான் பெரிதும் சார்ந்திருக்கிறது.

நிறைமொழி:
மருதன் கூறியதோடு உடன்படுகிறேன். இன வேறுபாட்டைக் காரணம் காட்டுவதற்கு முன் ஒரு பழைய ஆய்வை நினைவுபடுத்த விரும்புகிறேன். ஹோஷிடாவும் குழுவினரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், 82 ஜப்பானிய நோயாளிகளைக் கொண்டு உருவாக்கிய மரபணுத் தொகுப்பு, அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சேர்ந்த 225 நோயாளிகளிடமும் உயிர்வாழ்வோடு பொருந்தி நின்றது. இதில் நான் பெரிதாகக் கருதுவது வேறொன்று: உயிர்வாழ்வோடு தொடர்பு காட்டியது கட்டியின் மரபணு வெளிப்பாடு அல்ல, கட்டியைச் சுற்றியிருந்த கல்லீரல் திசுவின் வெளிப்பாடு. இந்நோய் பெரும்பாலும் ஏற்கெனவே சிரோசிஸால் (தழும்பேறுதல்) சிதைந்த கல்லீரலில்தான் தோன்றுகிறது. ஆகவே கட்டியை அறுத்தெடுத்த பிறகும், எஞ்சிய கல்லீரல் புதிய கட்டிகளுக்கு இடம் கொடுக்கலாம், அல்லது தானே செயலிழந்து உயிரைப் பறிக்கலாம். கட்டியை மட்டும் அளக்கும் மதிப்பெண்ணுக்கு அந்தப் பாதி கண்ணில் படுவதே இல்லை.

தங்கள் எட்டு மரபணுக்களைச் சற்றுப் பாருங்கள். செல் பிரிவோடு தொடர்புடையவை அதிகமாக இருந்தால், கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதைத்தான் மறுபடியும் அளந்திருக்கிறீர்கள். மார்பகப் புற்றுநோய்த் தரவை வைத்து 2011-இல் வெளியான ஆய்வொன்றில், குருட்டாம்போக்கில் எடுத்த, 100-க்கு மேற்பட்ட மரபணுக்கள் கொண்ட தொகுப்புகளில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவை உயிர்வாழ்வோடு தொடர்பு காட்டின. செல் பெருக்கம்தான் அதற்குப் பெரிதும் காரணம். ஆகவே பி மதிப்பு சிறியது என்பது மட்டும் போதாது.

இளவேனில்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. குலுக்கிய தரவில் ஓட்டிப் பார்த்தேன். அங்கும் கோடுகள் பிரிந்தே நின்றன, பார்க்கவே வருத்தமாக இருந்தது. எட்டில் ஐந்து மரபணுக்கள் செல் பிரிவைச் சேர்ந்தவை. எல்லாவற்றையும் குறுக்குச் சரிபார்ப்புக்குள் கொண்டுவந்து மீண்டும் தொடங்கியிருக்கிறேன். ஒரே ஓர் ஐயம்: புதிய மதிப்பெண் ஓரளவு தேறினால், அதை எதனோடு ஒப்பிடுவது?

நிறைமொழி:
நோய்நிலை, கல்லீரலின் செயல்திறனைச் சொல்லும் சைல்ட்–பியூ வகை, கல்லீரல் புற்றுநோயில் ரத்தத்தில் கூடக்கூடிய ஆல்பா ஃபீட்டோ புரோட்டீன் என்ற புரதத்தின் அளவு, ரத்தக்குழாய் ஊடுருவல் ஆகியவற்றை மட்டும் வைத்து முதலில் ஒரு காக்ஸ் மாதிரி கட்டுங்கள். டிசிஜிஏ தரவில் சிலருக்கு இவற்றில் சில விடுபட்டிருக்கும். அவர்களை நீக்குவதா, விடுபட்டதை ஈடுசெய்வதா என்று முன்கூட்டியே முடிவுசெய்து எழுதிவையுங்கள். பிறகு அதே நோயாளிகளிடம் மரபணு மதிப்பெண்ணையும் சேர்த்து, சி குறியீடு எவ்வளவு உயர்கிறது என்று பாருங்கள். அந்த உயர்வு ஜப்பானியத் தரவிலும் நின்றால், தாராளமாக எழுதி வெளியிடலாம்.