டர்பனில் ஆடிக் கூழ்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து, இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் குடியிருக்கிறோம். போன ஆடியில் பக்கத்து வீட்டு அக்கா ‘போரிட்ஜ் பிரேயர்’ என்று கோயிலுக்கு அழைத்தார். போய்ப் பார்த்தால் நம் ஊரில் கூழ் ஊற்றுவோமே, அதேதான். வேப்பிலை, மஞ்சள், கரகம் எல்லாம் அப்படியே இருந்தன.

கூழ் மட்டும் வேறு. கேழ்வரகும் இல்லை, கம்பும் இல்லை. வெள்ளை மக்காச்சோள மாவு. இங்கே மீலிமீல் என்பார்கள். முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்து, காலையில் விறகடுப்பில் அண்டா வைத்துக் காய்ச்சினார்கள். ஆறியதும் மோருக்குப் பதில் அமாசி ஊற்றினார்கள். அமாசி என்பது இந்த மண்ணின் ஜூலு மக்கள் வீடுகளில் புளிக்க வைக்கும் பால், கடையிலும் கிடைக்கிறது. அப்புறம் நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், தொட்டுக்கொள்ளக் கருவாடு.

ஊரிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், "இதெல்லாம் கூழா?" என்று முகம் சுளித்தார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. 1860 நவம்பர் 16ஆம் தேதி இந்தியக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ மதராஸிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் டர்பன் இருக்கும் இந்த நேட்டால் பகுதிக்கு வந்தார்கள், பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களுக்கு. அரிசி விலை கூடுதல், மக்காச்சோளம் மலிவு. கையில் கிடைத்த மாவில் அம்மனுக்குக் காய்ச்சினார்கள். நம் ஊரிலும் கூழ் அந்தந்த மண்ணில் விளைந்ததில் காய்ச்சியதுதானே? நாம் கடித்துக்கொள்ளும் பச்சை மிளகாயே போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஜூலு அம்மா தூக்குவாளி கொண்டுவந்திருந்தார். குடித்துப் பார்த்துவிட்டு, "எங்கள் அமாஹேவு மாதிரியே இருக்கிறது, உப்பும் வெங்காயமும்தான் கூடுதல்" என்றார். அவர்களும் மக்காச்சோளக் கஞ்சியைப் புளிக்க வைத்துத்தான் அமாஹேவு செய்கிறார்கள். 1950இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டம் இந்தியர்களையும் ஜூலு மக்களையும் வேறு வேறு பக்கமாகப் பிரித்து வைத்தது. சாட்ஸ்வொர்த்தே அப்படி உருவான ஊர்தான். அங்கே எல்லோரும் ஒரே அண்டாவிலிருந்து வாங்கிக் குடிப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

டோங்காட் உறுப்பினர்:

நான் இங்கேயே பிறந்தவன், தமிழ் பள்ளிக்கூடத்தில் படித்தது. எங்கள் ஆயா, அதாவது பாட்டி, அமாசியில்தான் கூழ் கரைப்பார், வேறு மாதிரி நான் குடித்ததே இல்லை. சாப்பாடு மட்டுமல்ல, நாளும் இங்கே மாறியிருக்கிறது. மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்றுதான் பெருங்கூட்டம். அந்தக் காலத்தில் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு அப்போதுதான் லீவு கிடைக்கும். அம்மனும் அதற்கு ஒத்துக்கொண்டாள். ஆனால் புரட்டாசி மாதம் முழுக்க கவிச்சி கிடையாது. அதில் எங்கள் வீட்டில் விட்டுக்கொடுப்பே இல்லை.

முதலில் எழுதியவர்:

அருமை. மாவை ஒரு ராத்திரி புளிக்க வைத்தால் போதுமா, ஆயா இரண்டு நாள் விடுவார்களா? ஜூலை குளிரில் எனக்குச் சரியாகப் புளிக்கவில்லை.