தேங்காய்த் தண்ணீரில் விழுந்த லென்ஸ்: அடுத்து 50 எம்எம்மா, 17-50 ஜூமா?

செல்வி, பட்டர்வொர்த்:
தைப்பூசத்துக்கு முந்தின நாள், வெள்ளி ரதம் பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். கூட்டத்தில் யாரோ இடித்ததில் என் கேமரா அந்தத் தண்ணீரிலேயே விழுந்தது. கேனன் பாடி தப்பியது. கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸின் ஜூம் வளையம் 35-க்கு மேல் திரும்பவில்லை. பழுது பார்க்கக் கேட்ட கூலிக்கு இன்னொரு பழைய லென்ஸே வாங்கலாம்.

ஜூம் இல்லாத புது 50 எம்எம் எஃப் 1.8 வாங்கினால் கொஞ்சம் வெள்ளி (ரிங்கிட்) மிஞ்சும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து வெளிச்சம் கூடும். பழைய டாம்ரான் 17-50 எஃப் 2.8 என்றால் கையில் இருப்பதெல்லாம் போகும். நான் எடுப்பது பெரும்பாலும் விடிகாலையில் காவடி எடுப்பவர்களின் முகம். அருள் வந்து நிற்பவர் கண்ணில் ஃபிளாஷ் அடிப்பது தகாது, அதைத் தொடவே மாட்டேன்.

குமரன், செந்தூல்:
அக்கா, அப்படியென்றால் 50தான். கிட் லென்ஸ் 55-ல் 5.6 வரைதான் திறக்கும். 1.8-ல் ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம். ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன், கூட்டினால் படத்தில் புள்ளி தெரியும்) 6400-ல் எடுத்ததை 800-லேயே எடுக்கலாம்.

ரவி, ஆயர் ஈத்தாம்:
அவசரப்படாதீர்கள். உங்கள் கேமராவின் சென்சார் சிறியது, அதில் 50 என்பது ஃபுல் ஃபிரேம் கேமராவின் 80 மாதிரி, காட்சி குறுகும். பத்து மீட்டர் தள்ளி நின்று கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும் நாலரை மீட்டர் உயரம்தான் அடங்கும். 17-ல் 13 மீட்டர். ரதத்துக்கு முன்னால் பின்வாங்க எங்கே இடம்? அப்புறம், ஒரு மீட்டர் நெருக்கத்தில் 1.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டர்கூடத் தேறாது. கண் தெளிந்தால் கன்னத்து வேல் மங்கும். 2.8-க்கு மாற்றினால் இரண்டு லென்ஸுக்கும் வெளிச்சம் ஒன்றுதானே.

பழையது வாங்கினால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நம்ம ஊர் ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.

செல்வி, பட்டர்வொர்த்:
இருவருக்கும் நன்றி. ரவி அண்ணன் கணக்கு சரிதான், ஆனால் ஒரு மீட்டரில் போய் நிற்க எனக்கு மனசு வராது. அது அவர்களுடைய வேண்டுதல் நேரம். மூன்று மீட்டர் தள்ளித்தான் நிற்பேன். அங்கிருந்து 1.8-லேயே இருபது சென்டிமீட்டருக்கு மேல் தெளிவு கிடைக்கிறது, முகத்துக்குப் போதும். ரதத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொள்கிறேன். 50 வாங்கப் போகிறேன், மிஞ்சும் வெள்ளியில் ஈரம் படாமல் லென்ஸ் வைக்க ஒரு ட்ரை பாக்ஸ்.