தொட்டிக்குப் பின்னால் ஒட்டிய படம் திட்டுத் திட்டாகத் தெரிகிறது, என்ன செய்யலாம்?

நீலத்துடுப்பு

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 3 அடித் தொட்டி, 90 செ.மீ. நீளம், 40 அகலம், 45 உயரம். மீன் விட்டு எட்டு மாதம் ஆகிறது, இரண்டு ஏஞ்சல், பத்துப் பன்னிரண்டு டெட்ரா. பின்னால் சுவரும் ஹீட்டர் வயரும் ஃபில்டர் குழாயும் தெரிந்து கண்ணை உறுத்துகிறதே என்று போன வாரம் ஒரு பேக்ரவுண்ட் ஷீட் வாங்கினேன், ரோலில் இருந்து வெட்டிக் கொடுப்பார்களே அதுதான், ஒரு பக்கம் செடி கொடிப் படம், மறுபக்கம் வெறும் கறுப்பு. செடிப் பக்கம் உள்ளே தெரிகிற மாதிரி பின்கண்ணாடியின் வெளிப்புறம் வைத்து நாலு ஓரமும் செலோடேப் போட்டேன்.

ஒட்டும்போது நன்றாகத்தான் இருந்தது. விளக்கைப் போட்டதும் படம் சாம்பல் பூத்த மாதிரி வெளிறிவிட்டது. இரண்டு மூன்று இடத்தில் மட்டும் உள்ளங்கை அளவுக்குப் பளிச்சென்று கரும்பச்சை, மற்ற இடமெல்லாம் மங்கல். தொட்டியின் ஓரமாக நின்று சாய்வாகப் பார்த்தால் படத்தைவிட மீனின் நிழல்தான் அதிகம் தெரிகிறது. இதற்கு நடுவில் தண்ணீர் மாற்றும்போது பின்பக்கம் கொஞ்சம் வழிந்துவிட்டது, அந்தத் தண்ணீர் இறங்கிய கோடு முழுக்கப் படம் அவ்வளவு அழகாகத் தெரிந்தது, மறுநாள் காய்ந்ததும் வெள்ளைக் கோடாக நிற்கிறது.

இதற்கென்று தனியாகப் பசை ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர் ஒருவர், "ஷீட்டைத் தொட்டிக்கு உள்ளேயே ஒட்டிவிடு, தண்ணீரே அழுத்திக்கொள்ளும்" என்கிறார், செய்யலாமா? சுவருக்கும் தொட்டிக்கும் நாலு விரல் இடைவெளிதான் இருக்கிறது, தொட்டியை நகர்த்த முடியாது. இன்னொன்று, ஷீட் போட்ட நாளிலிருந்து பெரிய ஏஞ்சல் பின்கண்ணாடியையே போய்ப் போய் முட்டுகிறது. இதற்கும் ஷீட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பாசிவாளி

முதலில், உள்ளே ஒட்டாதீர்கள். ஷீட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தண்ணீர் போகும், அழுக்கு போகும், நத்தை இருந்தால் அதுவும் போகும், ஆனால் எதுவும் வெளியே வராது. சாயம் தண்ணீரில் இறங்குமா இறங்காதா என்பது அதை அச்சடித்தவருக்குத்தான் வெளிச்சம்.

உங்கள் கேள்விக்கு விடை நீங்களே எழுதிய அந்த வழிந்த தண்ணீரில்தான் இருக்கிறது சகோ. பளிச்சென்று தெரிகிற திட்டுகள்தான் ஷீட் கண்ணாடியோடு உண்மையில் ஒட்டியிருக்கும் இடங்கள். மற்ற இடமெல்லாம் நடுவில் தாள் தடிமனுக்குக் காற்று நிற்கிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5, காற்றுக்கு 1. இவ்வளவு வித்தியாசம் இருக்கிற இடத்தில் ஒளியில் ஒரு பங்கு படத்தைத் தொடாமலே திரும்பிவிடும், நேராகப் பார்த்தால் கொஞ்சம், சாயச் சாய அதிகம். அதுதான் உங்கள் சாம்பல் பூச்சு.

நம்பிக்கை இல்லை என்றால் இதைச் செய்து பாருங்கள். தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு உள்ளே தெரியும் பக்கக் கண்ணாடியைப் பாருங்கள், வெள்ளிக் கண்ணாடி மாதிரி இருக்கும், வெளியே இருப்பது எதுவும் தெரியாது. தண்ணீரிலிருந்து காற்றுக்குப் போகிற ஒளி சுமார் 49 டிகிரிக்கு மேல் சாய்ந்து மோதினால் வெளியேறாமல் முழுக்க உள்ளேயே திரும்பிவிடும், பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்புதான். இப்போது கையை அந்தப் பக்கக் கண்ணாடியின் வெளியே கொண்டுபோய், ஈரம் தொட்ட விரலை அழுத்துங்கள். விரல் தெரியாது, விரலின் ரேகை மட்டும் வரி வரியாக அந்த வெள்ளியில் மிதக்கும். தோல் தொடும் இடத்தில் காற்று இல்லை, அங்கே மட்டும் ஒளி வெளியேறுகிறது. உங்கள் ஷீட்டும் அப்படித்தான், அதை முழுக்க முழுக்க "தொட" வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

பசை வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரின் போதும். அதன் ஒளிவிலகல் எண் 1.47, கண்ணாடிக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது, தண்ணீர் மாதிரி இரண்டு நாளில் காய்ந்தும் போகாது.

முதலில் இப்போதிருக்கும் ஷீட்டைக் கழற்றிவிட்டுப் பின்கண்ணாடியை வினிகரில் நனைத்த துணியால் துடையுங்கள், அந்த வெள்ளைக் கோடு தண்ணீரில் இருந்த உப்பு, வெறும் தண்ணீருக்குப் போகாது. நன்றாகக் காய விடுங்கள். ஷீட்டைத் தரையில் விரித்து, கண்ணாடியில் படப்போகிற பக்கத்தில் மூன்று நாலு ஸ்பூன் கிளிசரினை ஊற்றி ஸ்பாஞ்சால் ஓரம் வரை பரப்புங்கள், மெல்லிசாக, ஆனால் எங்கும் வறண்ட இடம் இல்லாமல். பிறகு மேல் ஓரத்தை மட்டும் முதலில் டேப் போட்டு நிறுத்திவிட்டு, மேலிருந்து கீழாக, நடுவிலிருந்து ஓரத்துக்கு, பழைய பிளாஸ்டிக் கார்டில் துணி சுற்றித் தள்ளிக்கொண்டே வாருங்கள். குமிழியெல்லாம் கீழே இறங்கும், கூடவே கிளிசரினும் சொட்டும், ஸ்டாண்டில் பழைய துணி போட்டு வைக்க மறக்காதீர்கள். இரண்டு பேர் வேண்டும், ஒருவர் முன்னால் நின்று "அங்கே ஒன்று, இங்கே ஒன்று" என்று குமிழியைக் காட்ட வேண்டும், பின்னால் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

கடைசியில் சுற்றிலும் டேப். மேல் ஓரத்தில் இடைவெளியே இருக்கக் கூடாது. கிளிசரின் தண்ணீரில் கரைந்துவிடும், மேலிருந்து ஒரு சொட்டு இறங்கினாலும் அந்த வழியில் கழுவிக்கொண்டு போய்விடும், மறுபடி கோடு விழும்.

ஒரே ஒரு எச்சரிக்கை, ஷீட்டின் மூலையில் ஒரு துண்டு வெட்டி ஓர் இரவு கிளிசரினில் போட்டு வையுங்கள். சாயம் இளகினால் அந்த ஷீட் இதற்கு ஆகாது. வீட்டு பிரிண்டரில் அடித்த காகிதம் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

கூழாங்கல்

பாசிவாளி சொன்னது எல்லாம் சரி, நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன், இன்னொருவர் செய்யாமல் இருக்கட்டும்.

கிளிசரின் வாங்கப் போகச் சோம்பலாக இருந்தது. எண்ணெயும் அதே வேலையைச் செய்யும் என்று எங்கோ படித்த ஞாபகம், வீட்டில் தேங்காய் எண்ணெய் இருந்தது, எடுத்துத் தடவிவிட்டேன். முதல் வாரம் சொர்க்கம். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் தொட்டிக்குப் பின்னால் நிஜமாகவே செடி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். என்னுடையது கோல்டுபிஷ் தொட்டி, ஹீட்டர் கிடையாது. ஒரு நாள் காலை எழுந்து பார்த்தால் பின்புறம் முழுக்க வெண்ணெய் தடவியது போல வெள்ளை! தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும் என்பது பாட்டில் உறையும்போது தெரிகிறது, தொட்டியில் தடவும்போது தோன்றவில்லை. மதியம் உருகும், ராத்திரி உறையும். பத்தாம் நாள் எறும்பு வரிசை கட்டியது. மாதக் கடைசியில் சிக்கு வாடை வேறு. கழற்றும்போது அந்தப் பிசுக்கை எடுக்க அரை நாள் ஆனது, ஓரத்தில் டேப் ஒட்டவே இல்லை. கிளிசரின் என்றால் ஈரத்துணியில் ஒரே துடைப்பு.

சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டுவதும் உண்டு, ஆனால் அது கார் கண்ணாடிக்கு ஒட்டுவார்களே, பின்புறம் பசை இருக்கும் ஃபிலிம், அதற்குத்தான் சரி. சாதா ஷீட்டுக்குச் சோப்புத் தண்ணீர் போட்டால் காய்ந்ததும் கதை பழையபடிதான். அதையும் மீன் இருக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்பிரே செய்யாதீர்கள், சோப்பு கொஞ்சம் உள்ளே விழுந்தாலும் மீனின் செவுளுக்கு ஆகாது.

மூன்றுதொட்டி

எல்லாரும் படத்தை எப்படி ஒட்டுவது என்றே பேசுகிறீர்கள், படம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை 🙂

என் கட்சி கறுப்பு. அந்தச் செடிப் படத்துக்கு முன்னால் நீங்கள் வைத்திருக்கும் நிஜச் செடி எடுபடாது. உள்பக்கக் கண்ணாடியில் கொஞ்சம் பாசி படிந்தாலே படம் புகை மூட்டமாகிவிடும், வாரா வாரம் தேய்க்க வேண்டும். கறுப்பில் பாசி படிந்தால் அது பாட்டுக்கு இருக்கும். வயரும் குழாயும் கறுப்பாக இருந்தால் கண்ணுக்கே தெரியாது. மீன் நிறமும் கூடும், சுற்றிலும் வெளிறிய நிறமாக இருந்தால் பல மீன்கள் தானும் வெளிறிக்கொள்ளும், இருட்டான பின்புலத்தில் நிறம் ஏறும். உங்கள் ஷீட்டிலேயே மறுபக்கம் கறுப்பு இருக்கிறதே, அதைத் திருப்பி ஒட்டிப் பாருங்களேன்.

புதிதாகத் தொட்டி வைக்கிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: தண்ணீர் விடுவதற்கு முன்னால் பின்கண்ணாடியின் வெளிப்புறத்தில் கறுப்பு அக்ரிலிக் பெயிண்ட் அடித்துவிடுங்கள். பெயிண்ட் கண்ணாடியில் நேராகப் பிடித்துக்கொள்ளும், நடுவில் காற்று என்ற பேச்சே கிடையாது. பிரஷ் வேண்டாம், ஸ்பாஞ்சு ரோலர். மெல்லிசாக மூன்று கோட், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. முதல் கோட்டைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், கேவலமாகத்தான் இருக்கும். கடைசியில் உள்ளே டார்ச் அடித்துப் பின்னால் இருந்து பார்த்தால் ஊசி முனை ஓட்டையெல்லாம் நட்சத்திரம் மாதிரி தெரியும், அதை மட்டும் தொட்டுவிடலாம். பிடிக்கவில்லை என்றால் பிளேடால் சுரண்டினால் தோல் மாதிரி உரிந்து வரும். இது கண்ணாடித் தொட்டிக்கு. அக்ரிலிக் தொட்டியில் பிளேடு வைத்தால் கீறல்தான் மிஞ்சும்.

தண்ணீர் நிற்கும் தொட்டிக்குப் பெயிண்ட் வேண்டாம். அறையைவிடத் தண்ணீர் குளிராக இருந்தால் கண்ணாடி வெளியே வியர்க்கும், பெயிண்ட் பிடிக்காது. ஸ்பிரே பெயிண்ட் கேட்கவே வேண்டாம், ஏர் பம்ப் அறையில் இருக்கும் காற்றைத்தானே இழுத்து உள்ளே விடுகிறது.

வேர்க்கட்டை

ஃபோம் 3டி பேக்ரவுண்ட் பற்றி யாரும் எழுதவில்லையே? பாறை, வேர் மாதிரி செய்து உள்ளே சிலிக்கான் போட்டு ஒட்டுவது. பார்க்க அதற்கு ஈடு கிடையாது.

பாசிவாளி

பார்க்க அழகுதான் வேர்க்கட்டை, மறுக்கவில்லை. ஆனால் இவர் தொட்டியில் மீன் நீந்திக்கொண்டிருக்கிறது. சிலிக்கான் உலர்ந்த கண்ணாடியில்தான் பிடிக்கும், அந்த வினிகர் வாடை போய் முழுக்க இறுக ஒன்றிரண்டு நாளாவது காய வேண்டும், அதுவரை மீன் எங்கே போகும்? அப்புறம் கணக்குப் போடுங்கள், 90 க்கு 45, சராசரி 5 செ.மீ. தடிமன் என்றால் 20 லிட்டர் தண்ணீர் போச்சு. போனது மட்டும் இல்லை, அந்த ஃபோம் கிட்டத்தட்ட 20 கிலோ விசையோடு மேலே எழும்பப் பார்க்கும். சிலிக்கான் எங்காவது விட்டால் நடுராத்திரியில் பலகை மாதிரி மிதக்கும். பின்னால் சந்து இருந்தால் சின்ன மீன் போய் மாட்டிக்கொள்ளும்.

வேர்க்கட்டை

என்னுடையது மூன்று வருடமாக மிதக்கவில்லை 🙂 ஆனால் சரி, காலித் தொட்டியில் செய்ததுதான். ஒரு முறை டெட்ரா ஒன்று பின்னால் போய்விட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நீலத்துடுப்பு

எல்லாருக்கும் நன்றி. அந்த ரேகை விஷயத்தைச் செய்து பார்த்தேன், வீட்டில் எல்லாரும் வரிசையில் நின்று விரலை அழுத்திப் பார்த்தார்கள், அம்மா உட்பட. ஒரு சந்தேகம், நாலு விரல் சந்தில் கையை விட்டுக் கார்டை வைத்துத் தள்ள முடியவில்லை. பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுத் தொட்டியைக் கொஞ்சம் முன்னால் இழுக்கலாமா?

மூன்றுதொட்டி

இழுக்காதீர்கள்! உங்கள் அளவுக்கு நிறையத் தண்ணீர் 160 லிட்டர், பாதி என்றாலும் 80 கிலோ, அதோடு மணலும் கல்லும் கண்ணாடியும். ஒரு பக்கம் இழுத்தால் தொட்டி முறுகும், ஒட்டுச் சிலிக்கான் அன்றைக்கே விடாது, ஒரு மாதம் கழித்து விடும். கார்டுக்குப் பதிலாக நீளக் குச்சியின் முனையில் ஸ்பாஞ்சைக் கட்டிப் பக்கவாட்டில் இருந்து தள்ளுங்கள். ஷீட்டின் மேல் ஓரத்தை ஒரு மெல்லிய மரச்சட்டத்தில் ஒட்டிக்கொண்டால் இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து சந்தில் இறக்கலாம், சுருளாது. அதுவும் முடியவில்லை என்றால் பேசாமல் பளபளப்பில்லாத கறுப்புத் துணியைப் பின்னால் தொங்கவிடுங்கள், ஒட்டவே வேண்டாம். காற்று இடைவெளி இருந்தாலும் திட்டு தெரியாது, ஏனென்றால் எங்குமே தொடவில்லை, எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கும்.

நீலத்துடுப்பு

முடிந்தது. சட்டம், குச்சி, கிளிசரின் எல்லாம் போட்டு, கறுப்புப் பக்கம்தான் (செடிப் பக்கத்தின் துண்டில் சாயம் லேசாக இளகியது, கறுப்பு அசையவில்லை). இடது மூலையில் கீழே ஒரு குமிழி நாணயம் அளவில் நிற்கிறது, குச்சி எட்டவில்லை, அதற்கு முன்னால் ஒரு கல்லை நகர்த்தி வைத்துவிட்டேன். ஹீட்டர் இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏஞ்சல் பின்பக்கம் முட்டுவதை நிறுத்திவிட்டது. ஆனால் இப்போது வலது பக்கக் கண்ணாடிக்குப் போய் முட்டுகிறது.

பாசிவாளி

அது முட்டுவது தன்னைத்தான். பின்னால் காற்று போனதும் அங்கே பிம்பம் மங்கிவிட்டது, பக்கத்தில் காற்று அப்படியே இருக்கிறது. மிச்ச ஷீட்டில் ஒரு துண்டு வெட்டி அந்தப் பக்கமும் ஒட்டிவிடுங்கள். கிளிசரின் மிச்சம் இருக்குமே?