தோல்பாவைக் கலைஞரும் ஒடியா தெரிந்தவரும் தேவை

வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் எங்கள் தெருவில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசா குடும்பங்கள் நிறைய. அவர்கள் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே குழாயடியில் நின்றாலும் பேசிக்கொள்வதில்லை. அதனால் ஞாயிறுதோறும் மொட்டை மாடியில் உட்கார வைத்து நிழல் பொம்மை செய்ய விடுகிறோம்.

போன வாரம் அட்டையில் ஒரு மான் வெட்டினார்கள். வேட்டியைத் திரையாகக் கட்டி, பின்னாலிருந்து டார்ச் அடித்ததும் ஒரு பையன் "ஹொரிணோ!" என்று கத்தினான். பக்கத்திலிருந்த நம் பொண்ணு "மான்டா!" என்றாள். அப்புறம் இருட்டும்வரை இரண்டு பேரும் அதையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒடிசாவின் ராவண சாயா நிழற்கூத்திலும் நம் தோல்பாவையிலும் ராமாயணம்தான் முக்கியக் கதை. அவர்கள் பாவைக்கு வண்ணமும் இல்லை, மூட்டும் இல்லை. நம்முடையதில் வண்ணம் உண்டு, கை அசையும். இரண்டையும் ஒரே திரையில் பார்க்க ஆசை.

கன்னியாகுமரி, மதுரைப் பக்கம் தோல்பாவைக் கலைஞர் யாரையாவது தெரியுமா? இரண்டு ஞாயிறு வந்து சொல்லிக்கொடுத்தால் போதும். பயணச் செலவும் சன்மானமும் தருகிறோம். கலைஞரிடம் இலவசமாகக் கேட்க மனம் வரவில்லை.

ஒடியா, தமிழ் இரண்டும் பேசுபவர் ஒருவரும் கட்டாயம் வேண்டும். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் பேச எங்களுக்கு மொழி இல்லை. தெரிந்தவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.