'ஸ்வீட் எஃப்.ஏ.' என்று சொல்வதை நான் விட்டது ஏன்

இங்கிலாந்தில், சவுத்தாம்ப்டனில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை வந்ததற்குக் கூடுதலாக என்ன கொடுத்தார்கள் என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். "ஸ்வீட் எஃப்.ஏ." என்றார். நம்முடைய 'ஒரு மண்ணும் இல்லை'க்கும் 'ஒரு மயிரும் இல்லை'க்கும் நடுவில் எங்கோ நிற்கிற பேச்சு அது. எஃப் என்றால் எந்தக் கெட்ட வார்த்தை என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், ஆனால் எழுத்தை மட்டும் சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். எனக்கும் அது வாயில் ஒட்டிக்கொண்டது, ஒரு வருஷம் போல எதற்கெடுத்தாலும் அதையே சொன்னேன்.

கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்களோடு வேலை பார்த்தார். ஒருநாள் டீ குடிக்கும்போது, "அது ஒரு குழந்தையின் பெயர், தெரியுமா?" என்று கேட்டார்.

ஃபேனி ஆடம்ஸ். ஊர் ஆல்டன், சவுத்தாம்ப்டன் இருக்கிற இதே ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில்தான். 1867 ஆகஸ்ட் 24, சனிக்கிழமை, தங்கையோடும் தோழியோடும் விளையாடப் போன அந்தப் பிள்ளையை, ஃப்ரெடரிக் பேக்கர் என்ற வக்கீல் குமாஸ்தா காசைக் காட்டி ஹாப்ஸ் (பீரில் சேர்க்கும் ஒரு கொடி) தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொன்று, உடலைத் துண்டு துண்டாக்கிப் போட்டுவிட்டான். அன்றைய நாட்குறிப்பில் ஒரு சிறுமியைக் கொன்றதாக எழுதி, அதே வரியில் வானிலை நன்றாக இருந்தது, வெயில் என்றும் எழுதியிருக்கிறான். அதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. டிசம்பர் 24 அன்று வின்செஸ்டரில் கூட்டத்துக்கு முன்னால் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

அந்தக் காலத்தில்தான் கடற்படைக் கப்பல்களில் டப்பாவில் அடைத்த ஆட்டுக்கறி வந்தது. மாலுமிகளுக்கு அது பிடிக்கவே இல்லை, இது ஃபேனி ஆடம்ஸின் மிச்சம் என்று சொல்லிச் சொல்லியே சாப்பிட்டிருக்கிறார்கள். பிறகு உதவாத எதற்கும் அந்தப் பெயர், அப்புறம் 'ஒன்றுமில்லை' என்பதற்கே அந்தப் பெயர். 'ஒன்றுமில்லை' என்று சொல்லும் ஒரு கெட்ட பேச்சின் இரண்டு வார்த்தைகளுக்கும் முதலெழுத்துகள் அதே எஃப்.ஏ.வாக அமைந்துவிட்டதால் இரண்டும் கலந்துபோயின. காலி டப்பாக்களை அவர்கள் பாத்திரமாக வைத்துக்கொண்டதில் அதற்கும் 'ஃபேனி' என்றே பெயர், தானும் கப்பலில் அப்படித்தான் சொன்னதாக அவர் சொன்னார்.

மனசு கேட்காமல் ஒரு லீவு நாளில் வின்செஸ்டரிலிருந்து பஸ் பிடித்து ஆல்டன் கல்லறைக்குப் போனேன். வயது எட்டு, நாலு மாதம் என்று கல்லில் வெட்டியிருக்கிறது. எட்டு வயதென்று நிறுத்தாமல் அந்த நாலு மாதத்தையும் யாரோ எண்ணி எழுதியிருக்கிறார்கள். ஊரார் மனமுவந்து கொடுத்த பணத்தில் வைத்த கல் என்றும் அதிலேயே இருக்கிறது.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருத்தன், சம்பள உயர்வு பற்றிக் கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே "ஸ்வீட் எஃப்.ஏ., அண்ணா" என்றான். திட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்து, அந்த நாலு மாதத்திலிருந்து ஆரம்பித்தேன்.