கதைக் கொப்பியில சிவத்த பேனை வேணுமோ?

கிணத்தடி:
நேற்று இஞ்ச ஒராள் எழுதியிருந்தார், பிள்ளை கதை எழுதினாலும் ஒவ்வொரு எழுத்துப்பிழைக்கும் சிவத்த பேனையால வட்டம் போடோணும், இல்லாட்டி தமிழ் அழிஞ்சுபோம் எண்டு. வாசிச்சதில இருந்து எரியுது. என்ர மகள் நாலாம் வகுப்பு. ஒரு கதை எழுதினவள்: ஒரு ஆட்டுக்குட்டி தாயைத் தேடிப் பருத்தித்துறை பஸ்ஸில ஏறுது, கொண்டக்ரர் அரை ரிக்கற் கேக்கிறார், குட்டி வாயில கிடந்த பூவரசங்குழையை நீட்டுது. தானா யோசிச்சு எழுதினவள். கொப்பி திரும்பி வரேக்க பக்கம் முழுக்கச் சிவத்த வட்டம், கீழ "எழுத்துப்பிழைகளைக் கவனிக்கவும்". ஆட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடுத்த முறை "பசு பால் தரும்" எண்டு எழுதிக் குடுத்தாள், "மிக நன்று" வந்துது.

பென்சன் வாத்தியார்:
அந்த ஒராள் நான்தான், நேராவே சொல்லலாம். ர எங்க, ற எங்க எண்டு தெரியாமல் கதை எழுதி என்ன செய்யிறது? ஓஎல் சோதினைப் பேப்பர் திருத்திறவர் ஆட்டுக்குட்டிக்கு இரங்கி மார்க்ஸ் போடார். சிவத்த பேனை வேணும்.

கிணத்தடி:
பிழை திருத்தவேண்டாம் எண்டு நான் எங்க சொன்னன்? சொல்வதெழுதல் கொப்பியில எவ்வளவு வட்டமும் போடுங்கோ சேர். கதையில போட்டால் பிள்ளை பிழைவிடாத சொல்லாப் பாத்துப் பொறுக்கித்தான் எழுதும், அந்த வயசில வடிவாத் தெரிஞ்ச சொல் கொஞ்சம்தானே, அதுக்குள்ள என்னத்தை எழுதுறது? ற வட்டத்தால வராது, வாசிச்சு வாசிச்சுக் கண்ணில பதியோணும். பொது நூலகத்தில சிறுவர் பகுதி இருக்கு, எத்தினை பேர் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறியள்?

தீவான்:
எழுத்தாளர் டொமினிக் ஜீவா சலூன் நடத்திக்கொண்டு எழுதினவர், 1966இல மல்லிகை எண்ட இலக்கியச் சஞ்சிகையைத் தொடங்கினவர். அவற்ர கொப்பியில ஆர் வட்டம் போட்டது?

பென்சன் வாத்தியார்:
மல்லிகையைப் புரூவ் பாக்காமலோ அச்சடிச்சவர்? புரூவ் பாக்கிறதும் சிவத்த பேனைதான் தம்பி.

கிணத்தடி:
ஓம், எழுதி முடிச்சாப் பிறகு! அதைத்தானே நானும் சொல்லுறன்.

ரொறன்ரோ மாமா:
இஞ்ச பள்ளிக்கூடத்தில முதல் எழுதவிட்டு, ரீச்சர் பிள்ளையோட இருந்து கதையைக் கதைச்சு, பிறகுதான் எழுத்தைத் திருத்துவினம். எங்கட ஆக்கள் இன்னும் அடிச்சு வளக்கிற காலத்திலதான்.

பென்சன் வாத்தியார்:
பனிக்குள்ள இருந்து எங்களுக்குப் படிப்பிக்க வந்திட்டார். உங்கட பிள்ளை தன்ர பேரைத் தமிழில எழுதுமோ?

ரொறன்ரோ மாமா:
என்ர பிள்ளையை இழுக்காதேங்கோ. நாங்கள் ஊருக்கு வந்தால் மட்டும் உங்களுக்குக் காசு கேக்கத் தெரியும்.

வலிகாமம் தாய்:
சண்டையை விடுங்கோ. அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதினைக்கு முதலாம் பத்திரம் 40 கேள்வி, ரண்டாம் பத்திரம் 60, சனி ஞாயிறும் ரியூசன். பிள்ளை எப்ப கதை எழுதுறது?

கிணத்தடி:
அக்கா, படுக்கேக்க பத்து நிமிசம் போதும். அவள் சொல்லுவாள், நான் எழுதுவன், "பிறகென்ன நடந்தது" எண்டு மட்டும் கேப்பன். அடுத்தநாள் அதைத் தன்ர கையால எழுதி அப்பம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுவாள், வாசிக்கேக்க தானே பிழையைக் கண்டுபிடிச்சு அழிப்பாள். சிவத்த பேனை தேவைப்படேல்லை.

பென்சன் வாத்தியார்:
தாய் எழுதினால் அது தாயின்ர கதை.

தீவான்:
சேர், தமிழ்மொழித் தினப் போட்டிக்கு ரீச்சர்மார் எழுதிக்குடுத்துப் பாடமாக்கின கட்டுரையள் வலயத்தில முதலாமிடம் எடுக்கேக்க அது ஆற்ர கதை? போன முறை நடுவராய் இருந்தது ஆர் எண்டு எங்களுக்கும் தெரியும்.

பென்சன் வாத்தியார்:
பேரைச் சொல்லு பாப்பம். உன்ர மகன் வலயத்துக்குப் போகாமல் கோட்டப் போட்டியோட நிண்ட கோவம் இன்னும் போகேல்லைப்போல.

தீவான்:
அவன் சொந்தமா எழுதினவன்!

பென்சன் வாத்தியார்:
எழுத்துப்பிழையோட.

கிணத்தடி:
திரும்பவும் அங்கதான் நிக்கிறியள். சேர், அந்த ஆட்டுக்குட்டிக் கதையை இதில போடுறன், பேனையைக் கீழ வைச்சிட்டு ஒருக்கா வாசிச்சிட்டுச் சொல்லுங்கோ.

பென்சன் வாத்தியார்:
போடுங்கோ. பேனை கையிலதான் இருக்கும்.